கைப்பேசிச் சூதாட்டமும் நமது கடமையும்

(சேத்தியாத்தோப்பில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இம்மாதிரி மேடைகளில் நாங்கள் வழக்கமாகச் சாதியைப் பற்றியும், சடங்கைப் பற்றியும், ஜோசியத்தைப் பற்றியும் பேசுகிறவர்கள். இன்று சூதாட்டத்தைப் பற்றிப் பேசப் போவதாக விளம்பரத்தில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "இதென்ன, இவர்களும் பஜனைமடத்துப் பிரசங்கிகளைப் போல ஒழுக்கம் போதிக்கப் புறப்பட்டுவிட்டார்களா?" என்று சிலர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். சூதாடுகிறவன் நரகத்துக்குப் போவான் என்று சொல்ல நான் வரவில்லை. நரகம் என்று ஒன்று இருப்பதாக நம்பினால் அல்லவா அங்கே யார் யார் போவார்கள் என்று ஜாப்தா எழுத வேண்டும்? நான் சொல்ல வந்தது, சூதாடுகிறவனுடைய பணம் எங்கே போகிறது என்கிற சங்கதி மாத்திரமே. அதற்கு வேதமும் வேண்டாம், புராணமும் வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

இரண்டாவது, கைப்பேசிச் சூதாட்டத்தின் வேர், நாங்கள் எதிர்த்துவரும் அதே தலைவிதி நம்பிக்கையிலேதான் இருக்கிறது. உழைப்புக்கும் பலனுக்கும் சம்பந்தமில்லை, எல்லாம் நேரமும் யோகமும் என்று பிள்ளைப் பிராயம் முதல் சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஒருவனிடம், "உன் யோகம் இந்தச் சட்டைப் பையிலேயே இருக்கிறது, தொட்டுப் பார்" என்று ஒரு கம்பெனிக்காரன் சொன்னால், அவன் தொடாமல் என்ன செய்வான்?

இந்த ஊரில் ஏன் பேச வேண்டும்?

தோழர்களே! இது வெள்ளாற்று அணைக்கட்டும் வீராணத்துப் பாசனமும் உள்ள பூமி. ஒரு பக்கம் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிற குடியானவர்கள் இருக்கிறீர்கள். மற்றொரு பக்கம், 1956-ல் ஏற்பட்ட நெய்வேலி நிலக்கரிக் கம்பெனியில் மாதச் சம்பளக்காரராகவும் ஒப்பந்தக் கூலியாகவும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். மூன்றாவதாக, அந்தச் சுரங்கத்துக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகக் கிடைத்த தொகையைக் கையில் வைத்துக்கொண்டு, இனி என்ன செய்வது என்று விழிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வாங்கும் பயிருக்கு நடுவே யந்திரத்தை விட்டுக் கால்வாய் வெட்டியதை உங்களில் பலர் கண்ணால் பார்த்தவர்கள். நிலம் வருஷா வருஷம் பலன் கொடுக்கும். நிலத்துக்குப் பதிலாக வந்த பணமோ ஒரே ஒரு தரம் வரும். அது போனால் மறுபடி முளைக்காது.

கரும்புப் பணம் மொத்தமாக வருகிறது, சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, நிலத்தின் கிரயமோ ஆயுளில் ஒருமுறை வருகிறது. இந்த மூன்று பணத்துக்கும் இன்று ஒரே வாய் திறந்து காத்திருக்கிறது. அந்த வாய் ஒவ்வொருவன் சட்டைப் பையிலும் இருக்கிறது. இரவு பன்னிரண்டு மணிக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் தூங்கின பிறகும் அது விழித்துக்கொண்டிருக்கிறது. வடவாற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும், மதகு திறந்தே கிடந்தால் ஏரி நிற்குமா? அதனால்தான் இந்த ஊரில் இதைப் பேச வேண்டியதாயிற்று.

பழைய சூதும் புதிய சூதும்

சூது நமக்குப் புதிதல்ல. திருவிழாவில் மூணு சீட்டு பார்த்திருக்கிறோம். தோப்பில் சேவல் சண்டை, தீபாவளிக்கு மங்காத்தா எல்லாம் உண்டு. பட்டணத்தில் ஒரு சூதுக்கு 'காட்டன்' என்று பெயர். நியூயார்க்கிலிருந்து வரும் பருத்தி விலையின் எண்கள் மீது பம்பாயில் பந்தயம் கட்டியதிலிருந்து வந்த பெயர் அது. பருத்தி வியாபாரம் போய்விட்டது. பருத்தியின் பெயரைச் சொல்லிப் பையைக் காலி செய்கிற வியாபாரம் மாத்திரம் நின்றது.

சர்க்காரே லாட்டரிச் சீட்டு விற்ற காலமும் உண்டு. 1968-ல் தமிழ்நாட்டில் அது ஆரம்பமாயிற்று. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று சொல்லி விற்றார்கள். ஆனால் நடந்தது என்ன? கூலிக்காரன் கூலி வாங்கியவுடன் சீட்டுக்கடைக்குப் போனான். வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தான். கடைசியில் 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிச் சீட்டு விற்பனையும் இந்த ராஜ்யத்தில் தடை செய்யப்பட்டது. அதற்குப் பிறகும் மூணு நம்பர் என்று சொல்லித் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொடுத்து மறைவில் நடத்துகிறவர்கள் பிடிபடுகிறதைப் பத்திரிகையில் படிக்கிறோம்.

பழைய சூதுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. தோப்போ, கிளப்போ, மூலைக் கடையோ இருந்தால்தான் ஆடலாம். 1930-ம் வருஷத்திய சென்னைச் சூதாட்டச் சட்டம் அந்த இடத்தைத் தேடிப் போய்ப் பிடிக்கும்படியாகத்தான் எழுதப்பட்டது. போலீசுக்காரர் வந்தால் ஓடலாம், தெரிந்தவர் பார்த்தால் வெட்கப்படலாம், கையில் பணம் தீர்ந்தால் எழுந்துதான் ஆக வேண்டும். புதிய சூதில் இந்த மூன்று தடையும் இல்லை. போலீசு வராது, பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கே தெரியாது, பணம் தீர்ந்தால் அதே கைப்பேசியிலேயே கடன் கொடுக்கிறவனும் உட்கார்ந்திருக்கிறான். சூதாடும் இடமும், அடகுக் கடையும், வட்டிக்கடையும் ஒரே பலகையில் வந்து சேர்ந்துவிட்டன.

தருமர் ஆடிய ஆட்டம்

சூதைப் பற்றிப் பேசினால் பாரதத்தைப் பேசாமல் முடியாது. பாரதக் கூத்து நடத்தாத கிராமம் இந்தப் பக்கத்தில் அபூர்வம். அந்தக் கதையை நாம் பக்தியோடு கேட்கிறோம், புத்தியோடு கேட்பதில்லை.

தருமரைச் சகுனி அழைக்கிறான். தருமருக்கு ஆட்டம் அவ்வளவாக வராது, சகுனிக்கு அதுவே தொழில். இருந்தும் தருமர் போகிறார். ஏன்? அழைத்தால் மறுப்பது க்ஷத்திரிய தர்மமல்லவாம்! நாட்டை வைத்தார், தம்பிமார்களை வைத்தார், தன்னை வைத்தார், கடைசியில் பெண்டாட்டியை வைத்தார். இதற்குப் பெயர் தருமம் என்றால், அதருமம் என்பது இன்னும் என்னதான் செய்யும் என்று கேட்கிறேன்.

ஆனால் அதைவிட முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது. திரௌபதி சபையில் அவமானப்பட்ட பிறகு, தோற்றதெல்லாம் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. புத்தியுள்ளவன் என்ன செய்வான்? தப்பித்தோம் என்று வீடு போய்ச் சேர்வான். தருமரோ வழியிலேயே மறுபடி அழைப்பு வந்ததும் திரும்பிப் போய் மறுபடி உட்கார்ந்து மறுபடி தோற்கிறார்! அந்த இரண்டாவது ஆட்டத்தைக் கவனியுங்கள். கடனை அப்பன் ஒருமுறை அடைத்தான், நகையை விற்று மாமனார் ஒருமுறை அடைத்தார், அடுத்த மாதம் மறுபடி கைப்பேசியை எடுத்தான் என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்களே, அது இதேதான். இழந்தது திரும்பக் கிடைத்துவிட்டால் பழக்கம் போய்விடும் என்று நினைப்பது தப்பு என்பதற்கு இந்தக் கதையே போதும். திருக்குறளில் சூதுக்கென்று ஓர் அதிகாரமே, 94-வது அதிகாரம், ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் பண்ணினவர்களும் இன்று பந்தயம் கட்டுகிறார்கள். நெட்டுருவுக்கும் அறிவுக்கும் உள்ள தூரம் அவ்வளவு!

தந்திரம் என்னும் புரட்டு

இனி, படித்த வாலிபர்கள் சொல்லும் சமாதானத்துக்கு வருகிறேன். "நாங்கள் குருட்டாம்போக்கில் ஆடுகிறவர்களல்ல; எங்களிடம் தந்திரம் இருக்கிறது, கட்டுப்பாடு இருக்கிறது" என்கிறார்கள். அந்தத் தந்திரத்தைத்தான் பரிசோதிப்போமே.

முதல் தந்திரம் இரட்டிப்பது. 100 ரூபாய் வைத்துத் தோற்றால் 200 வை. தோற்றால் 400 வை. எப்போதாவது ஒரு தரம் ஜெயித்துத்தானே ஆக வேண்டும், அப்போது விட்டதெல்லாம் வந்துவிடும் என்பது. கணக்குப் போடுங்கள். தொடர்ந்து பத்துத் தரம் தோற்றால் போன பணம் 1,02,300 ரூபாய். பதினோராவது தரம் வைக்க வேண்டியது 1,02,400 ரூபாய். இவ்வளவையும் வைத்து ஜெயித்தால் கிடைக்கும் நிகர லாபம் எவ்வளவு தெரியுமா? முதலில் ஆசைப்பட்ட அதே 100 ரூபாய்! நூறு ரூபாய்க்காக இரண்டு லட்சத்தைத் தீயில் நீட்டுகிறவனைத் தந்திரக்காரன் என்றா சொல்வது? "பத்துத் தரம் தொடர்ந்து தோற்பது ஆயிரத்தில் ஒன்றுதானே" என்பார்கள். ஆம், சரிபாதி வாய்ப்புள்ள ஆட்டத்தில் 1,024-ல் ஒன்று. ஆனால் நிமிஷத்துக்கு ஓர் ஆட்டமாக இரவு பூராவும் ஆடுகிறவனுக்கு அந்த ஆயிரம் எத்தனை நாளில் வந்து சேரும் என்பதையும் அல்லவா எண்ண வேண்டும்?

இரண்டாவது தந்திரம், "இத்தனை தரம் தோற்றுவிட்டேன், இனி ஜெயிக்கும் முறை என்னுடையது" என்பது. 1913 ஆகஸ்டு 18-ந் தேதி, ஐரோப்பாவில் மாண்டி கார்லோ என்னும் ஊரின் சூதாட்ட மாளிகையில், சுழலும் சக்கரத்தில் குண்டு தொடர்ந்து 26 தரம் கறுப்புக் கட்டத்திலேயே விழுந்தது. பல தரம் கறுப்பு வந்ததும், இனிச் சிவப்புதான் என்று பிரபுக்களும் சீமாட்டிகளும் பணத்தைக் கொட்டினார்கள். ஒவ்வொரு தரமும் அள்ளிக்கொண்டது மாளிகைக்காரன்தான். குண்டுக்கு ஞாபக சக்தி உண்டா? போன தடவை எங்கே விழுந்தோம் என்று அதற்குத் தெரியுமா? உயிரில்லாத ஒன்று நம்மை நினைத்து இரக்கப்பட்டு நடந்துகொள்ளும் என்று எண்ணுவதற்கும், கல் நமக்கு வரம் கொடுக்கும் என்று எண்ணுவதற்கும் என்ன வித்தியாசம்?

மூன்றாவது, கிரிக்கெட் பந்தயம். "ஆட்டம் எங்களுக்குத் தெரியும், எந்த அணி ஜெயிக்கும் என்று சொல்வோம்" என்கிறார்கள். நல்லது. இரண்டு அணியும் சமபலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தயக்காரன், எந்தப் பக்கம் 100 ரூபாய் கட்டினாலும் ஜெயித்தவனுக்கு 190 ரூபாய் தருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் ஒருவன் 100, அந்தப் பக்கம் ஒருவன் 100, ஆக 200 ரூபாய் வந்தது. யார் ஜெயித்தாலும் 190 ரூபாய் வெளியே போயிற்று. 10 ரூபாய் பந்தயக்காரன் பெட்டியில் நின்றது. அவன் கிரிக்கெட்டே பார்க்க வேண்டியதில்லை! சென்னை ஜெயித்தால் என்ன, பம்பாய் ஜெயித்தால் என்ன, அவன் ஜெயித்துக்கொண்டே இருக்கிறான்.

நூற்றுக்கு ஐந்துதானே என்று எண்ணாதீர்கள். 1,000 ரூபாயை வைத்து, வந்ததையெல்லாம் மறுபடி மறுபடி கட்டினால், சராசரிக் கணக்கில் பத்துச் சுற்றில் அது சுமார் 600 ஆகும். இருபது சுற்றில் சுமார் 360 ஆகும். இடையிலே சிலர் ஜெயித்துக் கூத்தாடுவார்கள். ஆனால் ஊர் பூராவும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் தொகை தேய்ந்துகொண்டே போகும். தேய்ந்தது எங்கே போயிற்று என்று கேட்டால், பந்தயக்காரன் மாளிகையைக் காட்ட வேண்டியதுதான். நஷ்டமில்லாமல் நிற்பதற்கே நூற்றுக்கு 53 தரம் சரியாகச் சொல்ல வேண்டும். ஆயுள் பூராவும் கிரிக்கெட்டே தொழிலாக உள்ளவர்களைக் கொண்டு விகிதத்தை நிர்ணயிக்கிறவனுக்கு எதிராக, கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து உட்காருகிறவன் 53 தரம் எங்கே சொல்வது?

போதாததற்கு ஆட்டமே நாணயமாக நடக்கிறதா என்பதும் சந்தேகம். 2013-ம் வருஷத்து ஐ.பி.எல். பந்தய ஊழலில், சென்னை அணி நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவரே பந்தயம் கட்டியதாகக் கண்டறியப்பட்டு, 2015 ஜூலையில் நீதிபதி லோதா கமிட்டி அவரை ஆயுள் பூராவும் கிரிக்கெட்டிலிருந்து விலக்கியது. சென்னை அணியையும் ராஜஸ்தான் அணியையும் இரண்டு வருஷம் ஒதுக்கி வைத்தது. அறைக்குள்ளே இருக்கிறவன் பந்தயம் கட்டுகிற ஆட்டத்தில், தெருவில் நிற்கிறவனுக்கு என்ன தந்திரம் வேண்டிக்கிடக்கிறது?

ஜோசியரும் குறிப்புக்காரரும்

இப்போது கைப்பேசியில் ஒரு புதிய ஜோசியர் கூட்டம் கிளம்பியிருக்கிறது. நாளைய ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே 'குறிப்பு' அனுப்புகிறார்களாம். "அவர் சொன்னது ஐந்து தரமும் அப்படியே பலித்தது, தோழரே!" என்று சத்தியம் செய்கிறார்கள். எப்படிப் பலித்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

1,024 பேருக்குச் செய்தி அனுப்புகிறான். பாதிப் பேருக்குச் சென்னை ஜெயிக்கும் என்றும், மீதிப் பாதிக்குத் தோற்கும் என்றும் அனுப்புகிறான். ஆட்டம் முடிந்ததும் தவறாகச் சொன்ன 512 பேரை விட்டுவிடுகிறான். சரியாகச் சொன்ன 512 பேரை மறுபடி இரண்டாகப் பிரிக்கிறான். 256, 128, 64, 32. ஐந்து ஆட்டம் முடிந்ததும் 32 பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாத்திரம் ஐந்தும் பலித்திருக்கிறது. "இனி ஆறாவது குறிப்புக்கு ஐயாயிரம் கட்டு" என்கிறான். அந்த 32 பேரும் கடன் வாங்கியாவது கட்டுகிறார்கள். மற்ற 992 பேர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்லும் ஜோசியன் வாயால் ஆண் என்று சொல்லிவிட்டு, நோட்டில் பெண் என்று எழுதிவைத்துக்கொண்டு, எது பிறந்தாலும் அதைக் காட்டித் தட்சிணை வாங்கினானே, அவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? பலித்தது மாத்திரம் ஊரில் பேசப்படும், பலிக்காதது புதைக்கப்படும். ஜோசியம் பிழைத்திருப்பது இதனால்தான். கைப்பேசிச் சூது பிழைத்திருப்பதும் இதனால்தான். ஒருவன் லட்ச ரூபாய் ஜெயித்தால் படம் போட்டு விளம்பரம் செய்கிறான். தோற்ற ஆயிரம் பேர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள்.

"நான் சூதாடவில்லை, பங்குச் சந்தையில் வியாபாரம் செய்கிறேன்" என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. ஒரு கம்பெனியின் பங்கை வாங்கி வருஷக்கணக்கில் வைத்திருப்பது வேறு. விலை இன்றைக்கு ஏறுமா இறங்குமா என்று வாயிதாப் பந்தயம் கட்டுவது வேறு. அந்த வாயிதா வியாபாரத்தைப் பற்றிச் 'செபி' என்னும் சர்க்கார் ஸ்தாபனம் 2024 செப்டம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டது. மூன்று வருஷத்தில் அதில் இறங்கிய தனி நபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். செலவு போக ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் லாபம் கண்டவர்கள் 100-க்கு ஒருவர்தான். இதைச் சொன்னது நாத்திகனல்ல, சர்க்கார்!

திறமை ஆட்டமா?

சூதுக் கம்பெனிகளின் வக்கீல்கள் கோர்ட்டிலே ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். "ரம்மி திறமையால் ஆடும் ஆட்டம், அதிர்ஷ்டத்தால் ஆடுவதல்ல" என்பது. குதிரைப் பந்தயத்தைத் தடுத்து 1974-ல் தமிழ்நாடு சர்க்கார் செய்த சட்டத்தின் மேல் நடந்த வழக்கிலும் இதே வாதம்தான். 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, குதிரைப் பந்தயம் திறமையைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டது.

கோர்ட்டுத் தீர்ப்பைக் குறித்து நான் தர்க்கம் செய்யவில்லை. நான் கேட்பது வேறு. திறமை வேண்டியதாகவே இருக்கட்டும். நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து ரம்மி ஆடினால் ஒருவன் பணம் இன்னொருவனுக்குப் போகும், மொத்தம் குறையாது. கைப்பேசியில் ஆடினால் ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பெனிக்காரன் கமிஷன் எடுத்துக்கொள்கிறான். நூறு ஆட்டம் ஆடினால் நூறு கமிஷன். இரண்டு திறமைசாலிகள் விடிய விடிய ஆடினால் விடியும்போது இருவரும் ஏழை, கம்பெனி பணக்காரன். மேலும், எதிரே உட்கார்ந்திருப்பவன் யார்? கற்றுக்குட்டியா, அதையே தொழிலாகக் கொண்டவனா? உன் கண்ணுக்குத் தெரியுமா? முகம் தெரியாதவனோடு கண்ணைக் கட்டிக்கொண்டு குஸ்திக்குப் போகிறவனுக்குத் திறமை இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

சட்டம் வந்த கதை

இந்தச் சூதைத் தடுக்க நம் ராஜ்யத்தில் நடந்த போராட்டமே ஒரு பாரதம். 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அதன் பின் வந்த 2021-ம் வருஷத்துச் சட்டத்தை அவ்வருஷம் ஆகஸ்டு 3-ந் தேதி சென்னை ஐக்கோர்ட்டு செல்லாது என்றது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்கள் தலைமையில் கமிட்டி போட்டார்கள். அக்டோபரில் சட்டசபை மசோதாவை நிறைவேற்றிற்று. கவர்னர் அதை நாலு மாதத்துக்கு மேல் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் 23-ந் தேதி சட்டசபை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே வருஷம் நவம்பர் 9-ந் தேதி ஐக்கோர்ட்டு, அதிர்ஷ்ட ஆட்டங்களின் மேலுள்ள தடையை நிலைநிறுத்தி, ரம்மிக்கும் போக்கருக்கும் மாத்திரம் விலக்குக் கொடுத்தது. பிறகு 2025-ல், நள்ளிரவு 12 மணி முதல் 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்று ராஜ்ய சர்க்கார் விதி செய்தது. ஜூன் மாதத்தில் ஐக்கோர்ட்டும் அது சரியே என்றது.

கடைசியாக 2025 ஆகஸ்டில் டில்லி பார்லிமெண்டு, திறமையானாலும் சரி, அதிர்ஷ்டமானாலும் சரி, பணம் வைத்து ஆடும் கைப்பேசி ஆட்டம் எல்லாவற்றையும் தடுத்து ஒரு சட்டம் செய்தது. லோக்சபையில் 20-ந் தேதி, ராஜ்யசபையில் 21-ந் தேதி, ஜனாதிபதியின் ஒப்புதல் 22-ந் தேதி. மூன்றே நாள்! நடத்துகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும். ஆடுகிறவனைக் குற்றவாளியாக வைக்கவில்லை, அது நியாயமே. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த ட்ரீம்11 என்னும் கம்பெனி, உடனே பண ஆட்டத்தை நிறுத்திச் சட்டையிலிருந்தும் இறங்கிற்று. இந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்குகளும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின.

அப்போது சர்க்கார் தரப்பில் ஒரு மதிப்புச் சொன்னார்கள். வருஷத்துக்கு 45 கோடி ஜனங்கள் சுமார் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 450 ரூபாய் கூட ஆகவில்லை. "இவ்வளவுதானா?" என்று எவனும் சொல்லக்கூடும். சராசரி என்பது அப்படித்தான் ஏமாற்றும். பத்துப் பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் விட்டு ஒதுங்குவான்; பதினோராவது ஆள் வீட்டையும் நிலத்தையும் விட்டு, உயிரையும் விடுவான். கம்பெனியின் கொள்ளை லாபம் அந்தப் பதினோராவது ஆளிடமிருந்தே வருகிறது. அவன் உன் வீட்டிலே இருக்கிறானா என்பதுதான் கேள்வி.

சட்டம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடக்கூடாது. உள்நாட்டுக் கம்பெனி கதவைச் சாத்தினால் வெளிநாட்டிலிருந்து ஒருவன் ஜன்னலைத் திறக்கிறான். அவன் பெயர் வாரத்துக்கு ஒன்று. விலாசம் கடலுக்கு அப்பால். நம் ஊரிலேயே ஏஜெண்டு ஒருவனைப் பிடித்து, அவன் கணக்கு வழியாகவே பணம் வாங்குகிறான். சட்டம் வாசல் காவல்காரன். வீட்டிலிருப்பவனே கதவைத் திறந்துவிட்டால் காவல்காரன் என்ன செய்வான்?

ஏன் விட முடியவில்லை?

"அவ்வளவு புத்தியில்லாதவனா? படித்தவன்தானே, ஏன் விட முடியவில்லை?" என்று தாய்மார்கள் கேட்கிறீர்கள். ஸ்கின்னர் என்னும் அமெரிக்க மனோதத்துவ நிபுணர் புறாக்களை வைத்துப் பரீட்சை செய்தார். பலகையைக் கொத்தினால் தானியம் விழும். ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் போட்டுப் பழக்கிய புறா, தானியம் நின்றதும் சீக்கிரத்தில் கொத்துவதை விட்டுவிட்டது. எப்போது விழும் என்று தெரியாதபடி, சில சமயம் போட்டும் சில சமயம் போடாமலும் பழக்கிய புறாவோ, தானியமே நின்ற பிறகும் ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது. சூதுக் கம்பெனிக்காரன் இதை நன்றாகப் படித்திருக்கிறான். நம் பிள்ளைகளைப் புறாவாக்கி வைத்திருக்கிறான்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2022 முதல் அமலில் உள்ள தன் நோய்ப் பட்டியலில், சூதாட்டக் கோளாறைக் குடிப்பழக்கம் முதலியவற்றை அடுத்து வைத்திருக்கிறது. ஆகவே இது பூர்வ ஜன்ம கர்மமுமல்ல, சனி பார்வையுமல்ல, செய்வினையுமல்ல. மந்திரித்த கயிறு கட்டுவதால் போகாது. வைத்தியம் வேண்டும், வீட்டார் துணையும் வேண்டும்.

ஒழுக்கம் எது?

சூதாட்டத்தில் ஒழுக்கம் என்று சிலர் போதிக்கிறார்கள். "சம்பளத்தில் இவ்வளவுதான் வைப்பேன், தோற்றால் எழுந்துவிடுவேன்" என்பது. எழுந்துவிடுகிறவன் இருந்தால் சந்தோஷம். ஆனால் தோற்ற மனசோடு எழுந்திருக்க முடியாதபடி செய்வதுதான் அந்த யந்திரத்தின் வேலை. கிணற்றில் குதித்துவிட்டுப் பாதி வழியில் நிற்பேன் என்பதைப் போன்றது அந்த ஒழுக்கம். என் புத்திக்கு எட்டிய ஒழுக்கம் வேறு. அதைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, விட்டதைப் பிடிக்கப் போகாதே. போன பணம் போனதுதான். அதைத் தேடிப் போகிற பணமும் அதன் பின்னாலேயே போகும்.

இரண்டாவது, சம்பளமோ கரும்புப் பணமோ நிலத்துப் பணமோ வந்த அன்றே, வீட்டுச் செலவுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் கடனுக்கும் பிரித்து, கைப்பேசியோடு சேராத வேறு கணக்கில் போடுங்கள். அதை மனைவி பெயரிலும் சேர்த்து வையுங்கள். பெண்டாட்டிக்குத் தெரியாத வரவுசெலவு என்று ஒன்று ஆணுக்கு வேண்டுமென்பதே சுயமரியாதைக்கு விரோதம். திரௌபதியைப் பந்தயம் வைத்தபோது யாரும் அவளைக் கேட்கவில்லை. இன்று தாலியைக் கழற்றிக் கேட்கும்போதாவது, "எதற்கு?" என்று கேட்கும் உரிமை அவளுக்கு இருக்க வேண்டாமா?

மூன்றாவது, எந்தக் காரணத்துக்கும் கைப்பேசிக் கடன்காரனிடம் கடன் வாங்காதீர்கள். சூதுக்காரன் பையைத்தான் பறிப்பான். அந்தக் கடன்காரன் மானத்தையும் பறிப்பான். மோசடியில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

நாலாவது, வீட்டில் ஒருவன் சிக்கிவிட்டான் என்று தெரிந்தால், தாய்மார்களே, தயவுசெய்து ஊரைக் கூட்டி வையாதீர்கள். "செத்துத் தொலை" என்கிற வார்த்தையைக் கோபத்திலும் சொல்லாதீர்கள். கடனைச் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். கடனுக்குத் தவணை உண்டு; உயிருக்குத் தவணை கிடையாது. மனம் உடைந்தவர்களுக்காக 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம், செலவில்லை. சூதில் தோற்றவன் குற்றவாளியல்ல; கொள்ளையில் பறிகொடுத்தவன். பறிகொடுத்தவன் சாவதா? கொள்ளைக்காரன் வாழ்வதா?

ஐந்தாவது, வாலிபர்களுக்கு. கிரிக்கெட் ஆடுங்கள், வெயிலில் ஆடுங்கள், வியர்க்க ஆடுங்கள். ஊருக்கு ஒரு படிப்பகம் வையுங்கள். அதில் இன்று நான் சொன்ன இரட்டிப்புக் கணக்கையும் 1,024 பேர் கணக்கையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். ஏஜெண்டு எவனாவது ஊருக்குள் வந்தால், அந்தக் கணக்குக்கு விடை சொல்லச் சொல்லுங்கள். தடியெடுக்க வேண்டியதில்லை, கேள்வி கேட்டாலே போய்விடுவான்.

தோழர்களே! நமது இயக்கம் மனிதனுக்குச் சொல்வதெல்லாம் ஒன்றே. உன் அறிவை நம்பு. உன் உழைப்பை நம்பு. உன் வாழ்வை வானத்திலிருப்பவன் கையிலும் கொடுக்காதே, கைப்பேசிக்குள் இருப்பவன் கையிலும் கொடுக்காதே. ஆயிரம் வருஷமாக விதி என்று சொல்லி நம்மைச் சுரண்டியவர்களிடமிருந்து இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையெடுத்து வருகிறோம். பாட்டன் கோவணத்தோடு உழுத நிலத்தின் கிரயத்தைப் பேரன் ஒரே இரவில் முகம் தெரியாத ஒருவனுக்குத் தட்சிணை வைப்பானானால், பழைய அடிமைத்தனம் புதிய சட்டை போட்டு வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

நான் சொன்னதை நான் சொன்னதற்காக நம்பாதீர்கள். வீட்டுக்குப் போய் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கில் பிழையிருந்தால் அடுத்த கூட்டத்தில் வந்து கேளுங்கள். சரியாக இருந்தால் அண்டை வீட்டுக்காரருக்கும் போட்டுக் காட்டுங்கள்.